ஆப்பிள் மாநாட்டில் புதிய கருவியை எதிர்பார்ப்பது அறியாமையா?

நிரல்வாணன்:
ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் நிரலாளர் மாநாடு தொடங்கிய மறுநாளே, “புதிதாக ஒரு கருவிகூட வரவில்லையே” என்ற ஒப்பாரியும் தொடங்கிவிடுகிறது. 2025-இலும் அதே கதைதான். லிக்விட் கிளாஸ் என்ற புதிய தோற்றம் வந்தது, இயங்குதளங்கள் அனைத்துக்கும் 26 என்ற ஒரே எண் வந்தது, கருவிக்குள்ளேயே இயங்கும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியை நிரலாளர்கள் தங்கள் செயலிகளில் பயன்படுத்திக்கொள்ள வழியும் திறந்துவிடப்பட்டது. இத்தனைக்கும் பிறகு ஏமாற்றம் என்று எழுதுவோருக்கு, அது யாருக்கான மாநாடு என்பதே தெரியவில்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. வன்பொருள் வேண்டுவோர் புதிய ஐபோன்கள் வரும் செப்டம்பர் வரை பொறுத்திருக்கட்டும்.

பழைய மேக்:
பிறருக்கு அறியாமைப் பட்டம் சூட்டும் முன், நிரல்வாணன் அவர்கள் 2019 ஜூன் 3 அன்று சான் ஹோசேயில் நடந்த தொடக்க உரையை ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நல்லது. 5,999 டாலரில் தொடங்கும் மேக் புரோ கணினி, 4,999 டாலருக்கு ஒரு திரை, அந்தத் திரையை நிறுத்திவைக்கத் தனியாக 999 டாலருக்கு ஒரு ஸ்டாண்டு. ஸ்டாண்டின் விலையைச் சொன்னதும் அரங்கில் எழுந்த முணுமுணுப்பு பதிவில் இன்றும் தெளிவாகக் கேட்கிறது. மேடையில் நின்றவரே ஒரு கணம் தடுமாறித்தான் அடுத்த சொல்லுக்குப் போகிறார். அது நிரலாளர்களுக்கு மட்டுமேயான மாநாடு என்றால், அந்த 999 டாலர் ஸ்டாண்டின் மீது எந்த நிரலை எழுதுவது என்று தாங்களே விளக்கிவிடுங்கள்.

நிரல்வாணன்:
ஒரே ஓர் ஆண்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவது வாதமாகாது. 2014, 2015, 2016, 2018, 2021, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் தொடக்க உரையில் புதிய கருவி எதுவும் வரவில்லை. 2014-இல் ஸ்விஃப்ட் என்ற நிரல் மொழி வந்தது. அதைவிடப் பெரிய அறிவிப்பு ஒரு நிரலாளருக்கு வேறென்ன இருக்க முடியும்? தாங்கள் குறிப்பிடும் அதே 2019 உரையில்தான், செயலிகளின் திரைத்தோற்றத்தை எழுத உதவும் ஸ்விஃப்ட்யூஐ அறிமுகமானது. அதை மறந்துவிட்டு ஸ்டாண்டை மட்டும் நினைவில் வைத்திருப்பது தங்கள் விருப்பம்.

பழைய மேக்:
தங்களுக்கு வசதியான ஆண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள். 2008-இல் ஐபோன் 3ஜி, 2009-இல் 3ஜிஎஸ், 2010-இல் ஐபோன் 4 ஆகிய மூன்றும் இதே மாநாட்டு மேடையில்தான் அறிவிக்கப்பட்டன. 2012-இல் ரெட்டினா என்ற கூர்மையான திரையுடன் மேக்புக் புரோ, 2013-இல் உருளை வடிவ மேக் புரோ, 2017-இல் ஹோம்பாட் ஒலிபெருக்கி, 2022-இல் எம்2 சில்லுடன் மேக்புக் ஏர், 2023-இல் தலையில் அணியும் 3,499 டாலர் விஷன் புரோ என்று பட்டியல் நீள்கிறது. இவற்றையெல்லாம் கண்ட ஒருவர் இந்த ஆண்டும் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தால், அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது நிறுவனமே அல்லவா? 999 டாலர் ஸ்டாண்டுக்கோ இன்னும் விடை வரவில்லை.

ஓரப்பார்வை:
எதை வன்பொருள் அறிவிப்பாகக் கணக்கில் கொள்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளலாமே. 2020-இல், ஆப்பிளின் சொந்தச் சில்லுக்கு ஏற்பச் செயலிகளை மாற்றிச் சோதிப்பதற்காக, ஐபேடின் ஏ12இசட் சில்லுடன் கூடிய மேக் மினி ஒன்றை 500 டாலருக்கு நிரலாளர்களுக்கு மட்டும் கொடுத்து, பிறகு அதைத் திரும்பவும் வாங்கிக்கொண்டார்கள். அதை யாருடைய பட்டியலில் சேர்ப்பது?

பழைய மேக்:
அதைப் பிறகு பார்க்கலாம். இப்போது பேச்சு ஸ்டாண்டைப் பற்றியது.

சுடர்க்கொடி:
பழைய மேக் அவர்களின் இந்த ஆவேசத்துக்கு வேறு காரணம் உண்டு என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். 2021 மாநாட்டில் புதிய மேக்புக் புரோ வருவது உறுதி என்று இவர் எத்தனை அழுத்தமாக எழுதினார்! அந்த மேடையில் அது வரவில்லை, அக்டோபரில்தான் வந்தது. அன்று பட்ட காயம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

பழைய மேக்:
சுடர்க்கொடி அம்மையாருக்கு என் பழைய பதிவுகளைத் தோண்டுவதில் இருக்கும் அக்கறை, இங்கே பேசப்படும் பொருளில் இல்லை. அந்த எதிர்பார்ப்பு எனக்கு மட்டும் இருந்ததல்ல, செய்தித் தளங்கள் பலவும் அன்று அதையே எழுதின. கருவிகள் நான்கு மாதம் தாமதமாகவாவது வந்து சேர்ந்தன. நீங்கள் கொண்டாடும் மென்பொருள் அறிவிப்புகளின் கதி என்ன? 2024 ஜூனில், அம்மாவின் விமானம் எத்தனை மணிக்குத் தரையிறங்கும் என்று கேட்டால் மின்னஞ்சலைத் துழாவி விடை சொல்லும் குரல் உதவியாளரான சிரியைக் காட்டினார்கள். 2025 மார்ச்சில் அதைத் தள்ளிவைப்பதாக அறிவித்தார்கள். அடுத்த மாநாட்டில் அதைப் பற்றி ஓரிரு சொற்களோடு நகர்ந்துவிட்டார்கள். வன்பொருளை எதிர்பார்க்காதே, மென்பொருளையும் எதிர்பார்க்காதே என்றால், பார்வையாளர் கைதட்டுவதற்கு மட்டும் வர வேண்டுமா?

நிரல்வாணன்:
சிரியை இழுத்து வந்து பேச்சைத் திசைதிருப்ப வேண்டாம். தரம் போதவில்லை என்று தெரிந்த பிறகு ஒன்றை நிறுத்திவைப்பது பொறுப்புள்ள செயலே. ஒரே சுட்டியால் மேக்கையும் ஐபேடையும் இயக்கும் யூனிவர்சல் கண்ட்ரோல் வசதியை 2021 ஜூனில் காட்டி, 2022 மார்ச்சில் கொடுத்தார்கள். அது வந்த பிறகு தாமதத்தைப் பற்றி யார் பேசினார்கள்? ஸ்டாண்டு, ஸ்டாண்டு என்று பல்லவி பாடுபவருக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். அது கட்டாயமாக வாங்க வேண்டிய பொருளல்ல. வேண்டாதவர்கள் 199 டாலருக்கு, பொதுவான தாங்கிகளில் திரையை மாட்ட உதவும் வேசா இணைப்பானை வாங்கி, ஏற்கெனவே தங்களிடம் இருக்கும் தாங்கியில் திரையைப் பொருத்திக்கொள்ளலாம் என்றுதான் அறிவித்தார்கள்.

பழைய மேக்:
ஆக, ஸ்டாண்டு வேண்டாம் என்று சொல்வதற்கும் 199 டாலர் கட்ட வேண்டும். இதைத் தாங்களே முன்வந்து எழுதியமைக்கு நன்றி. 4,999 டாலர் கொடுத்தவர் அந்தத் திரையைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு ஸ்விஃப்ட்யூஐ கற்றுக்கொள்ள வேண்டும் போலும்.

சுடர்க்கொடி:
2021 பற்றிய கேள்விக்கு இன்னும் நேரடியான விடை வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

ஓரப்பார்வை:
500 டாலர் மேக் மினியைப் பற்றி நான் கேட்டதும் அப்படியே நிற்கிறது.

நிரல்வாணன்:
அந்தத் திரை திரைப்படத் தொகுப்பாளர்களுக்கும் வண்ணத் திருத்தம் செய்பவர்களுக்கும் உரியது. அத்துறையினரின் செயலிகளை எழுதுபவர்கள் அந்த அரங்கில்தான் அமர்ந்திருந்தார்கள். அவர்களிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவது?

பழைய மேக்:
முணுமுணுத்தவர்களும் அதே அரங்கில் அமர்ந்திருந்தவர்கள்தான். அவர்களும் எது யாருக்கான மாநாடு என்று தெரியாமல் வந்தவர்களா என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். அந்தத் திரையும் ஸ்டாண்டும் 2019 டிசம்பரில்தான் விற்பனைக்கு வந்தன. வன்பொருள் வேண்டுவோர் செப்டம்பர் வரை பொறுக்கட்டும் என்றீர்களே, நிறுவனத்தால் ஏன் பொறுக்க முடியவில்லை?