புதுப்பிப்பு: புது 350 சிசி ரெட்ரோ வண்டியில் நியூட்ரல் விழாத பிரச்சினை தீர்ந்தது

வண்டி எடுத்த புதிதில் கேட்டிருந்தேன்: பைக்கின் இன்ஜின் சூடானதும் சிக்னலில் நியூட்ரல் (எந்த கியரிலும் இல்லாத நிலை) விழுவதில்லை, முதல் கியருக்கும் இரண்டாவதுக்குமாகத் தாவுகிறது என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது கிளட்ச் கேபிளைப் பார்க்கச் சொன்ன யோசனை. லிவரை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தேன். பாதி தூரம் லொடலொடவென்று வந்த பிறகுதான் கேபிள் இழுபட்டது. அப்புறம் எப்படி கிளட்ச் முழுசாக விடுபடும், நியூட்ரல் விழும்? ரப்பர் உறையைத் தள்ளி, லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை வெளிப்பக்கமாகத் திருகி, லிவரின் ஆட்டத்தை (கேபிள் இழுபடும் முன் சும்மா வரும் தூரத்தை) 2–3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்கே பெரும்பகுதி சரியாகிவிட்டது. ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள், கிளட்ச் வழுக்கித் தேய்ந்துவிடும்.

500 கிலோமீட்டர் சர்வீஸில் ஆயில் மாற்றியதும் மிச்சமும் போயிற்று. வடித்த ஆயிலில் வெள்ளித்தூள் போல மினுமினுப்பு தெரிந்தது. பயந்தேன். புது இன்ஜினில் பாகங்கள் ஒன்றோடொன்று படியும்போது அப்படி வருவது வழக்கம்தான். வண்டி நிற்குமுன், உருளும்போதே நியூட்ரல் போடச் சொன்னவருக்கும் நன்றி, இப்போது கால் தானாகவே அதைச் செய்கிறது.

எதிர்பாராதது ஒன்று: இன்ஜினை அணைத்ததும் 'டிக் டிக்' என்று சத்தம். சூடான சைலன்சர் குழாய் ஆறிச் சுருங்குவதுதான். குழாயின் வளைவும் பொன்னிறமாகி, ஓரத்தில் நீலம் ஏறியிருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, பாலிஷ் போடப் போவதில்லை.

இப்போது 1,100 கிலோமீட்டர். நியூட்ரல் ஒரே தட்டில் விழுகிறது.