பற்றறி முனை சூடாகிறது: செம்புக் கிறீஸா, வாசிலினா, வேறு ஏதாவதா?

பருத்தித்துறைக்காரன்:

வணக்கம் எல்லோருக்கும். கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. கூரையில் சோலார் பனல், உள்ளே 24 வோல்ற் இன்வேட்டர், 12 வோல்ற் ஈய அமிலப் பற்றறி இரண்டு தொடராக. வாடைக்காற்று தொடங்கினால் யன்னல் கம்பியில்கூட உப்புப் பிசுபிசுக்கும் இடம்.

இஸ்திரிப்பெட்டி போட்டால் நேர் முனையில் இருக்கும் லக் (வயர் நுனியில் நசுக்கிப் பூட்டும் துளையுள்ள உலோகத் துண்டு) கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. லக்கைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகப் பூத்திருக்கிறது. கடையில் கேட்டேன். செம்பு நிறத்தில் ஒரு பசையைத் தந்து, "இது கறன்ட் கடத்தும், இதைப் பூசினால் சரி" என்றார்கள். பக்கத்து வீட்டு ஐயா வாசிலின் போதும் என்கிறார். மச்சான் சிலிக்கன் கிறீஸ் என்கிறார். எதையும் இன்னும் பூசவில்லை.

இன்னொன்று: பனல் சட்டத்தில் எர்த் வயர் பூட்டிய ஸ்ரெயின்லெஸ் போல்ட் கழற்ற வராமல் இறுகிப்போய் நிற்கிறது. புதிது போடும்போது புரியில் என்ன பூசலாம்?

பழைய வயர்மன்:

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கோ. கிறீஸ் கறன்டைக் கொண்டுபோவதில்லை. லக்கும் முனையும் நேரடியாக ஒட்டி, போல்ட் அழுத்திப் பிடிக்கிற இடத்தால்தான் கறன்ட் போகும். கிறீஸின் வேலை அந்த இடத்துக்குக் காற்றும் உப்பும் தண்ணியும் போகாமல் காவல் நிற்பது மட்டும்தான். இணைப்பு கெட்டிருந்தால் எந்த ரியூப்பும் காப்பாற்றாது.

கடைக்காரர் தந்த செம்புப் பசை பெரும்பாலும் புரி இறுகாமல் இருக்கப் பூசுகிற சாமான். வாகனக் கராஜில் சூடேறும் போல்ட்டுகளுக்குப் பூசுவார்கள். செம்புத் தூள் இருக்கிறதுதான், ஆனால் துகள்களுக்கு இடையில் எண்ணெய் நிற்பதால் மின் இணைப்புக்கு அதை நம்ப முடியாது. பக்கத்து முனைவரைக்கும் வழிந்தால் தேவையில்லாத பாதை ஒன்றும் உண்டாகும். பற்றறிக்கு வேண்டாம். அலுமினியப் பனல் சட்டத்துக்கு அறவே வேண்டாம். உப்பு ஈரத்தில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். கிராபைற் கலந்த கிறீசுக்கும் இதே கதை.

மின்னியல் மாணவி:

வயர்மன் ஐயா சொன்னது சரி. ஆனால் கிறீஸைப் பற்றிப் பேச முன், எந்த இடத்தில் இழப்பு என்று அளந்து பாருங்கள் அண்ணா. இஸ்திரிப்பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மல்ரிமீற்றரை மில்லிவோல்ற்றில் வைத்து, மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றறி முனையின் ஈயக் கட்டையிலும் மற்றதை லக்கின் குழாய்ப் பகுதியிலும் பிடியுங்கள். பிறகு லக்கின் குழாய்க்கும் வயரின் செம்புக்கும் இடையில் அளந்து பாருங்கள். முதல் அளவு கூடினால் போல்ட் இணைப்பில் குறை, இரண்டாவது கூடினால் லக்கை வயரில் நசுக்கியது சரியில்லை.

1000 வாற்ற் இஸ்திரிப்பெட்டிக்கு 24 வோல்ற் பக்கம் கிட்டத்தட்ட 45 அம்பியர் போகும், இன்வேட்டரின் இழப்பையும் சேர்த்து. அப்படி ஓடும்போது ஒரு இணைப்பில் 0.4 வோல்ற் விழுந்தால் அந்தச் சின்ன இடத்தில் 18 வாற்ற் வெப்பம். கைசுடுவதில் ஆச்சரியம் இல்லை.

போல்ட்டில் எது எதன்மேல் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்ல முடியுமா?

பருத்தித்துறைக்காரன்:

அளந்தேன். கட்டைக்கும் லக்குக்கும் இடையில் 0.38 வோல்ற். லக்குக்கும் வயருக்கும் இடையில் மீற்றர் அசையவே இல்லை என்று சொல்லலாம். வரிசை கீழிருந்து மேல்: ஈயக் கட்டை, ஸ்பிரிங் வாசர், லக், தட்டை வாசர், நட். பூட்டியவர் விட்டபடியே இருக்கிறது.

மின்னியல் மாணவி:

ஆள் பிடிபட்டுவிட்டார்! ஸ்பிரிங் வாசர் லக்குக்குக் கீழே இருக்கவே கூடாது. அதன் விளிம்புகள் மட்டும்தான் தொடும், நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியில் உப்புக்காற்றும் அமில ஆவியும் புகுந்து உள்ளதையும் தின்னும். லக் நேரே ஈயக் கட்டையில் படிய வேண்டும். அதற்குமேல் தட்டை வாசர், அதற்குமேல் ஸ்பிரிங் வாசர், பிறகு நட்.

பழைய வயர்மன்:

அப்படிப் பூட்டின வேலையை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன், சரி அதை விடுவோம். கழற்றும் முறையைச் சொல்கிறேன், அவசரப்படாதேங்கோ.

இன்வேட்டரை நிறுத்தி, பனல் வரும் வழியை முதலில் துண்டியுங்கோ. பற்றறியை முதலில் கழற்றினால், பனலில் இருந்து பற்றறிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சில கொன்ற்றோலர்கள் பழுதாகும். பிறகு எதிர் முனை, கடைசியாக நேர் முனை. மோதிரம், சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பனரின் பிடிக்கு ரேப் சுற்றுங்கோ. சார்ஜ் ஏறும் பற்றறியில் ஐதரசன் வரும், யன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டே தொடங்குங்கோ.

பச்சைப் பூப்பை அப்பச்சோடா கரைத்த தண்ணியால் துடையுங்கோ. நுரை நின்றால் அமிலம் போய்விட்டது. கரைசல் பற்றறி மூடிக்குள் போகக் கூடாது, போனால் பற்றறிக்குக் கேடு. நல்ல தண்ணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, லக்கின் தொடும் முகத்தையும் ஈயக் கட்டையையும் பளபளக்கும்வரை சாண்ட் பேப்பரால் தேயுங்கோ. லக் குழிவிழுந்து போயிருந்தால் புதிது, தகரம் பூசிய செம்பு லக் வாங்குங்கோ.

பூட்டி இறுக்கியபிறகு வெளிப்பக்கம் முழுக்க மூடும்படி வாசிலின் பூசுங்கோ. அவ்வளவுதான்.

படகு மோட்டர்:

குருநகரில் இருந்து எழுதுகிறேன். வாசிலினில் எனக்கு உடன்பாடு இல்லை. குளிரான இடத்தில் சரி, எங்கள் வெயிலில் அது உருகி வழியும், போதாததற்கு இவருடைய லக்கே சூடு. படகு பற்றறிக்கு நாங்கள் தண்ணியில் கழுவுப்படாத மரீன் கிறீஸ்தான் பூசுகிறோம். ஒரு சோழகம் முழுக்க அலை அடித்தாலும் நிற்கிறது.

சிலிக்கன் கிறீசுக்கும் ஒரு இடம் இருக்கிறது. மின் கடத்தாத சாமான் அது. பிளக், சொக்கெற், அவுட்போர்ட் மோட்டரின் ஸ்பார்க் பிளக் தொப்பி ஆகியவற்றின் உள்ளே மெல்லிசாகப் பூசினால் தண்ணி புகாது, பின் உள்ளே போகும்போது கிறீஸ் ஒதுங்கி உலோகம் உலோகத்தைத் தொடும். ஆனால் சுவிச், ரிலே போலப் பொறி பறக்கும் இடங்களில் பூசக் கூடாது. பொறியின் சூட்டில் சிலிக்கன் மணல்போன்ற ஒரு படிவாகி, தொடும் முகத்தையே கெடுக்கும்.

ஸ்பார்க் பிளக் புரியிலும் சிலர் செம்புப் பசை பூசுகிறார்கள். புரியில் உலோகப் பூச்சுப் போட்டு வரும் பிளக்குகளுக்கு அது தேவையில்லை என்று பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனமே சொல்கிறது. வழுக்கலால் அளவுக்கு மீறி இறுக்கிப் புரியை உடைப்பதுதான் மிச்சம்.

பழைய வயர்மன்:

குருநகர் அண்ணை சொல்வதில் நியாயம் இருக்கிறது. முனை சூடாகாமல் இருந்தால் வாசிலின் நிற்கும். கடலோரத்தில் மரீன் கிறீஸ் கிடைத்தால் அதுவே மேல், ஒப்புக்கொள்கிறேன்.

பருத்தித்துறைக்காரன்:

நன்றி. பனல் எர்த் போல்ட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

மின்னியல் மாணவி:

அதுதான் உண்மையில் கிறீஸ் தெரிவு முக்கியமான இடம். அலுமினியம் காற்றுப் பட்டவுடனே மேலே ஒரு ஒக்சைட்டுப் படலத்தைப் போட்டுக்கொள்ளும், அது மின்னைக் கடத்தாது. பனல் சட்டத்தில் நிறுவனமே அதைத் தடிப்பாக்கி விட்டிருக்கும். அதற்குமேல் லக்கை வைத்து இறுக்கினால் எர்த் இருப்பதுபோல் தெரியும், இருக்காது.

தயாரிப்பாளர் எர்த் அடையாளம் போட்ட துளையை மட்டும் பயன்படுத்துங்கள். அந்த இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, உடனே துத்தநாகத் தூள் கலந்த அலுமினிய இணைப்புப் பசையைப் பூசி, பசை இருக்கும்போதே கம்பித் தூரிகையால் மறுபடி தேயுங்கள். தேய்க்கும்போது படலம் கிழியும், பசை காற்றை மறைப்பதால் புதிது உருவாகாது. தகரம் பூசிய லக்கை வைத்து இறுக்கி, பிதுங்குவதைத் துடைத்துவிடுங்கள். நொயலொக்ஸ், பெனற்றொக்ஸ் என்ற பெயர்களில் வருவது இந்த வகைதான்.

வெறும் செம்பு எதுவும் அலுமினியத்துக்கு மேலே இருக்க விடாதீர்கள். செம்பில் பட்டு ஒழுகும் மழைத்தண்ணி அலுமினியத்தை அரிக்கும்.

ஸ்ரெயின்லெஸ் போல்ட், நட் இரண்டும் ஒரே உலோகம் என்பதால் இறுக்கும்போது உராய்ந்து ஒட்டிக்கொள்ளும். புரிக்கு மட்டும் நிக்கல் கலந்த இறுகல் தடுப்புப் பசை கொஞ்சம் பூசி, மெதுவாக இறுக்குங்கள். பசை பூசிய புரி வழுக்கும், அதே பலத்துக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும். அதனால் வழமையான இறுக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக நிறுத்துங்கள்.

படகு மோட்டர்:

பனல் வயர் கொழுவும் பிளாஸ்ரிக் கனெக்ரரைத் திறந்து கிறீஸ் பூசப் போகாதேங்கோ. தயாரிப்பாளர் சொல்லாத எண்ணெய் பட்டால் சில பிளாஸ்ரிக்கில் வெடிப்பு விழும்.

பருத்தித்துறைக்காரன்:

பற்றறிப் பக்கம் முடிந்தது. ஸ்பிரிங் வாசரைக் கழற்றிப் பார்த்தால் பாதி தின்னுப்பட்டு இருந்தது. தேய்த்து, புது லக் போட்டு, வரிசை மாற்றிப் பூட்டி, மரீன் கிறீஸ் பூசினேன். இப்போது இஸ்திரிப்பெட்டி ஓடும்போது 9 மில்லிவோல்ற். லக் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. துத்தநாகப் பசை பருத்தித்துறையில் கிடைக்கவில்லை, யாழ்ப்பாணம் போகும்போது தேட வேண்டும். கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

பழைய வயர்மன்:

"அலுமினியம் ஜொயின்ற் கொம்பவுண்ட்" என்று கேளுங்கோ. வாகன உதிரிப்பாகக் கடையில் வேண்டாம், மின்சாமான் மொத்தக் கடையில் கேளுங்கோ. செம்பு நிற ரியூப்பை எடுத்து நீட்டினால் வாங்காதேங்கோ. ஈயக் கட்டை மெதுவாக இளகிக் கொடுக்கும், அந்த நட்டை ஒருக்கால் திரும்பவும் இறுக்கிப் பாருங்கோ, மீற்றரும் வைத்துப் பாருங்கோ.