புதுப்பிப்பு: காரின் பழைய வாக்ஸை எடுத்துவிட்டுத்தான் புதிய சீலன்ட் பூச்சு போட்டேன்

குளச்சலில் கடலோரமாக நிற்கும் கருநீலக் கார். அதன் பழைய கார்னாபா வாக்ஸ் (ஒரு வகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் மெழுகு) மேலேயே சிந்தெடிக் சீலன்ட் (பெயின்ட்டைக் காக்கும் செயற்கைப் பூச்சு) போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தக்கலை அண்ணன் சொன்ன தண்ணீர் சோதனைதான் கைகொடுத்தது. பானெட்டில் தண்ணீர் தகடாகப் படர்ந்தது. கதவில் மட்டும் முத்து முத்தாக உருண்டது. வாக்ஸ் அங்கங்கே மிச்சம் இருந்தது என்று அர்த்தம். சீலன்ட் வெறும் பெயின்ட்டில்தான் நன்றாகப் பிடிக்கும் என்பதால் எடுத்துவிட முடிவு செய்தேன். அதே கார்னாபாவையே மறுபடி போடுவதாக இருந்தால் நன்றாகக் கழுவினாலே போதும்.

ஷாம்பு போட்டுக் கழுவி, வழுக்கலுக்கு ஷாம்பு தண்ணீர் தெளித்துக்கொண்டே கிளே பார் (பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்த்தேன். அப்புறம் மிச்ச வாக்ஸ் போக, ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தேன். கதவிலும் தண்ணீர் உருளாமல் படர்ந்தது. பிறகு நிழலில் வைத்து, மெல்லிசாகச் சீலன்ட்.

எதிர்பாராதது இரண்டு. கழுவிய பிறகும் பானெட்டைக் கையில் பிளாஸ்டிக் கவர் போட்டுத் தடவினால் மணல்தாள் மாதிரி சொரசொரப்பு. கிளே பார் பழுப்பாகிவிட்டது. பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கில் சீலன்ட் பட்ட இடம் வெள்ளையாகக் காய்ந்தது. அங்கே முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

மூன்று வாரம் ஆயிற்று, நாலைந்து மழையும் பெய்தது. இப்போது கார் முழுக்க ஒரே மாதிரி முத்து.