கலைச்சொல்: ‘ஓல்ட் சைடு – நியூ சைடு’, பிரஸ்பிட்டேரியன் பிளவு, 1741

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘ஓல்ட் சைடு’க்குப் ‘பழைய பக்கம்’ வேண்டாம். புத்தகத் தாள்தான் நினைவுக்கு வரும். ‘பழைய கட்சி’ பொருளில் நெருங்கியதே, ஆனால் இன்று தேர்தல் வாடை அடிக்கிறது. பழைய தரப்பு, புதிய தரப்பு என்று வைக்கலாம்.

இது அமெரிக்கக் குடியேற்றங்களில், மூப்பர்கள் ஆளும் புராட்டஸ்டன்ட் சபையான பிரஸ்பிட்டேரியன் சபையின் ஒரே சினாடுக்குள் (மேல் மன்றத்துக்குள்) நடந்த வழக்கு. அச்சபையின் கோட்பாட்டு அடிப்படையான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை இரு சாராருமே ஏற்றிருந்தார்கள். எழுப்புதல் (பக்தி எழுச்சி) கூட்டங்கள் மீதிருந்த கசப்பு ஒருபுறம். போதகராகத் தகுந்தவர் யார், அதைச் சோதிப்பது யார் என்பதே மூலத் தகராறு. நியூ இங்கிலாந்திலோ ஐரோப்பாவிலோ பட்டம் பெறாதவர்களைத் தன் குழுவே சோதிக்கும் என்று 1738-ல் பிலடெல்பியா சினாடு விதித்தது. நெஷாமினியில் வில்லியம் டென்னன்ட் நடத்திய ‘லாக் காலேஜ்’ மாணவர்களுக்குப் போட்ட முட்டுக்கட்டை அது. எழுப்புதலை ஆதரித்த நியூ பிரன்சுவிக் பிரஸ்பிட்டரியார் (வட்டாரச் சபை மன்றத்தார்) சட்டை செய்யாமல், அம்மாணவர்களில் ஒருவரான ஜான் ரோலண்டுக்குப் பிரசங்க உரிமம் கொடுத்தார்கள். 1740 மார்ச்சில் அவர்களுள் ஒருவரான, வில்லியமின் மகன் கில்பர்ட் டென்னன்ட், மனந்திரும்பாத போதகரை விட்டு வேறொருவரிடம் போகலாம் என்று நாட்டிங்காமில் பிரசங்கித்தார். 1741 ஜூனில் நியூ பிரன்சுவிக்காரர்களைச் சினாடு வெளியேற்றியது; வெளியேற்றியோரே பழைய தரப்பு. ஆகவே பட்டியலில் உள்ள ‘கோட்பாட்டுப் பிளவு’ என்ற விளக்கத்தையும் மாற்ற வேண்டும்.

‘பிரஸ்பிட்டரி’க்கு ‘வட்டாரக் குழு’ எதற்கு? 1 தீமோத்தேயு 4:14-ல் ‘மூப்பராகிய சங்கத்தார்’ என்று நம் வேதாகமத்திலேயே இருக்கிறதே. மூப்பர் சங்கம் போதும்.

*

ஐயா, வணக்கம்.

தரப்பு, மூப்பர் சங்கம் இரண்டுக்கும் சம்மதம். எழுப்புதல் ஆதரவாளரைக் குறிக்கும் ‘நியூ லைட்’டை மட்டும் இதே பதிவில் சேர்க்க வேண்டாம். அது முதன்மையாக நியூ இங்கிலாந்து காங்கிரிகேஷனல் (ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளும்) சபைகளில் வழங்கிய பெயர். ‘புதிய ஒளியினர்’ தனிப் பதிவாகட்டும். பிரஸ்பிட்டேரியரிடையே பின்னர் நேர்ந்த 1837-ன் ‘ஓல்ட் ஸ்கூல் – நியூ ஸ்கூல்’ பிளவுக்குப் ‘பழைய பள்ளி’ என்று எழுதினால் சிரிப்பார்கள். அங்கே ஆதிப்பாவம், பாவநிவாரணம் பற்றிய போதனையே சண்டையில் இருந்ததால் பழைய நெறி, புதிய நெறி எனலாம். ‘கோட்பாடு’ அங்கே பொருந்தும்.

புதிய தரப்பை ‘1741-ல் வெளியேற்றப்பட்டோர்’ என்று வரையறுத்தாலும் பிழை. ஜொனாதன் டிக்கின்சனின் நியூயார்க் மூப்பர் சங்கத்தார் அன்று அவையில் இல்லை. சமரசம் பேசிப் பலிக்காமல், தாங்களே விலகி, 1745-ல் வெளியேற்றப்பட்டவர்களோடு நியூயார்க் சினாடை அமைத்தார்கள். எனவே பதிவு இப்படி இருக்கலாம்:

புதிய தரப்பு: 1741 பிளவில் எழுப்புதலை ஆதரித்தவர்களும், 1745-ல் அவர்களோடு சேர்ந்து நியூயார்க் சினாடாக இயங்கியவர்களுமான பிரஸ்பிட்டேரியர், 1758-ல் பழைய தரப்புடன் மீண்டும் இணைந்தனர்.