விற்றமின் ஏ துளியும் விடாத சளியும்: உங்கள் அனுபவம் என்ன?

கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தாய்:
எங்கள் மட்டக்களப்புப் படுவான்கரையில் அறுவடை தொடங்கினால் வயலில் தூசு கிளம்பும், வீட்டில் பிள்ளைகளுக்குச் சளி கிளம்பும். இரண்டு வயது மகனுக்கு ஒரு சளி மாறுமுன் அடுத்தது வந்துவிடும். "கிளினிக்கில் கொடுக்கிற விற்றமின் துளியை இன்னொரு தடவை கேட்டு வாங்கு, சளி அறுந்துவிடும்" என்று மாமி விடாமல் சொன்னார். போய்க் கேட்டேன். குடும்பநல உத்தியோகத்தர் பதில் சொல்லாமல் பிள்ளையின் சட்டையைத் தூக்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். "ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, என்னிடம் வராதீர்கள் தங்கச்சி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார்.

பிறகுதான் துளிப் பேச்சு. அது சளி மருந்தே இல்லையாம். மூச்சுக்குழாயின் உட்சவ்வில் இருக்கும் நுண்மயிர்கள் சளியையும் கிருமியையும் வெளியே தள்ளுகின்றன. விற்றமின் ஏ குறைந்தால் அந்தச் சவ்வு காய்ந்து தடித்துப்போகும், கிருமிக்கு வழி திறந்துவிடும். அந்தக் குறை வராமல் காக்கத்தான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறார்கள். கணக்கு மீறினால் ஈரலில் தேங்கி நஞ்சாகும் என்று சொல்லி, பதிவேட்டில் முந்திய துளியின் திகதியைக் காட்டி மூடிவிட்டார். மாமிக்கு இன்னும் மனம் ஆறவில்லை, அது வேறு கதை.

திருக்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை:
முருங்கை இலையை வெறும் தண்ணீரில் அவித்துப் பிள்ளைக்கு ஊட்டுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இலையிலும் பூசணியிலும் பப்பாசியிலும் உள்ள, விற்றமின் ஏ ஆக மாறும் சத்து உடம்பில் சேர எண்ணெய்த்தன்மை வேண்டும். தேங்காய்ப்பால் விட்ட சொதியை நம் பெத்தாச்சிமார் வீணாகவா வைத்தார்கள்?

கல்முனையில் தாதியாக இருந்தவர்:
விற்றமின் ஏ குறைந்து மாலைக்கண் வரும்வரை காத்திருக்கக் கூடாது. இந்தோனேசியாவில் கண் வைத்தியர் ஆல்பிரட் சொமரின் ஆய்வுக் குழு பார்த்தபோது, கண்ணில் இலேசான அறிகுறி மட்டுமே இருந்த பிள்ளைகளுக்கே சுவாச நோய் மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு வந்தது. ஆனால் குறைபாடு இல்லாத பிள்ளையின் சாதாரண இருமலுக்குத் துளி எதுவும் செய்யாது. சின்னமுத்து (தட்டம்மை) கண்ட பிள்ளைக்குக் கணக்கு வேறு: அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு தடவை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை வைத்தியர்தான் கொடுப்பார். கொக்கட்டிச்சோலைத் தங்கச்சி, இந்தக் கடைசி விடயம் மாமியின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.