டோட்டல் ஆல்கலினிட்டிக்கு 'அமிலத் தாங்குதிறன்': என் வாதம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நீச்சல் குளத்து நீரை வீட்டிலேயே சோதித்துச் சரிசெய்பவர்களுக்காக நான் எழுதிவரும் கையேட்டில், டோட்டல் ஆல்கலினிட்டி என்ற நீர் அளவீட்டைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். மொத்தக் காரத்தன்மை, கார இருப்பு, காரச் செறிவு என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. மூன்றையும் வைத்து எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே இடத்தில்தான் கால் இடறுகிறது, அது 'காரம்' என்ற சொல்.

> காரத்தன்மை பாடநூலில் இருக்கிறது. பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

பழகிய சொல் என்பதால்தான் ஐயா கவலைப்படுகிறேன். பி.எச். 7-க்கு மேல் போனால் நீர் காரத்தன்மை உடையது என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதனால் 'காரத்தன்மை குறைவு' என்று எழுதினால், படிப்பவர் பி.எச். குறைவு என்றே எடுத்துக்கொள்கிறார். டோட்டல் ஆல்கலினிட்டி வேறு சங்கதி. அது நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டு போன்றவற்றின் அளவைச் சொல்வது. பி.எச். 7.6 இருக்கும் நீரில் இது 60 பிபிஎம்மாகவும் (பத்து லட்சத்தில் 60 பங்கு) இருக்கலாம், 160 ஆகவும் இருக்கலாம்.

இது வெறும் சொல் நுணுக்கம் இல்லை. நான் ஊரில் இல்லாத ஒரு வாரம் எங்கள் குளத்தை என் மைத்துனர் பார்த்துக்கொண்டார். 40,000 லிட்டர் குளம். பி.எச். 7.6, ஆல்கலினிட்டி 60. 'காரத்தன்மை குறைந்தால் சோடா 1.3 கிலோ' என்று தாளில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தேன். நான் நினைத்தது ஆப்பசோடா, அதாவது சோடியம் பைகார்பனேட்டு. அவர் போட்டது சலவை சோடா, சோடியம் கார்பனேட்டு. காரத்தன்மையைக் கூட்டச் சொல்லியிருக்கிறது, இரண்டில் காரம் மிகுந்தது இதுதான் என்று யோசித்தே போட்டிருக்கிறார். தாளில் இருந்த சொற்களின்படி அவர் யோசித்தது சரிதான். சாயங்காலத்துக்குள் குளம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்துவிட்டது. பி.எச். சோதனையில் நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிச் சிவந்திருந்தது. கரைந்திருந்த கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து நீரில் மிதந்ததுதான் அந்த வெள்ளை. தவறு நான் எழுதிய சொல்லில். அன்றிலிருந்துதான் இந்தச் சொல்லைத் தேடுகிறேன்.

இன்னோர் இடத்தையும் பாருங்கள். நீரைச் சலசலக்க விட்டால், குழாய் வாயை மேல்நோக்கித் திருப்பிக் குமிழி எழ வைத்தால், கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பி.எச். ஏறும், ஆல்கலினிட்டி அப்படியே இருக்கும். ஆல்கலினிட்டி கூடிப்போன குளத்தில் ஆசிட் விட்டு இரண்டையும் இறக்கிவிட்டு, பிறகு காற்றாட விட்டு பி.எச்.சை மட்டும் மேலே கொண்டுவருவது இந்த முறையில்தான். இதைப் பழைய சொல்லில் எழுதினால் 'காரத்தன்மை மாறாமல் காரத்தன்மை கூடும்' என்று வருகிறது. ஒரு சொல் இப்படி ஒரு வாக்கியத்தை எழுதவைத்தால் அதை அந்த வேலையிலிருந்து விடுவிப்பதே நல்லது.

சரி, மாற்று என்ன? சோதனையைச் செய்துபார்த்தால் அதுவே பெயரைச் சொல்கிறது. முழங்கை ஆழத்தில், நீர் திரும்பி வரும் குழாய்க்குத் தள்ளி, 25 மில்லி எடுக்கிறோம். குளோரினை அடக்க இரண்டு சொட்டு, பிறகு நிறங்காட்டி. நீர் பச்சையாகிறது. அதில் அமிலத்தை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்குகிறோம். ஒன்று, இரண்டு, மூன்று, பச்சை அசையாமல் நிற்கிறது. ஏழாவது சொட்டில் சாம்பல் தட்டுகிறது. எட்டாவதில் சட்டென்று சிவப்பு. என் பெட்டியில் ஒரு சொட்டுக்கு 10 பிபிஎம், ஆக 80. நாம் எண்ணியது என்ன? எத்தனை சொட்டு அமிலம் வரை இந்த நீர் தாங்கியது என்பதைத்தான். ஆகவே என் பரிந்துரை: அமிலத் தாங்குதிறன்.

அமிலமோ காரமோ சிறிது சேர்ந்தாலும் பி.எச். அதிகம் மாறாத பஃபர் கரைசலை நம் பாடநூல்கள் தாங்கல் கரைசல் என்கின்றன, இலங்கையிலும் தாங்கற் கரைசல்தான். அங்கே பேஸ் என்பதை மூலம் என்றும் ஆல்கலியைக் காரம் என்றும் பிரித்து வைத்திருப்பதால் குழப்பம் நமக்கு உள்ள அளவுக்கு இருக்காது. ஆனாலும் 'தாங்கு' என்ற வேர் இரு பக்கத்தாருக்கும் பொது. 'அமிலத்தாங்கல்' என்று சுருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். தாங்கல் என்பது தாங்கும் பொருளையும் குறிக்கும், மனத்தாங்கலும் நினைவுக்கு வரும். சிறு ஏரிக்கும் தாங்கல் என்று பெயர் உண்டு என்பதால் அந்தச் சொல்மேல் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நாம் அளப்பது ஒரு திறனை. அளவு என்று தெரிய 'திறன்' வேண்டும்.

'கார இருப்பு' அழகான சொல். வங்கி இருப்பு மாதிரி, செலவழியச் செலவழியக் குறைவது என்ற படம் சரியாக விழுகிறது. அதிலும் காரம் முன்னால் நிற்பதுதான் குறை. சலவை சோடாவை எடுக்கும் கை அப்போதும் அதையே எடுக்கும்.

'மொத்த' என்ற அடை வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டும். அந்த எட்டுச் சொட்டை முழுக்கத் தாங்கியது பைகார்பனேட்டு இல்லை. வெயில் குளங்களில் குளோரின் சிதையாமல் காக்கப் போடும் சயனூரிக் அமிலத்தின் உப்பும் கொஞ்சம் தாங்கியிருக்கும். வழக்கமான பி.எச்.சில் சயனூரிக் அமில அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மொத்தம் 90, சயனூரிக் அமிலம் 60 என்றால், கார்பனேட்டின் பங்கு 70 அளவுதான். இந்தக் கழித்தலைச் சொல்ல 'மொத்த அமிலத் தாங்குதிறன்', 'கார்பனேட்டுத் தாங்குதிறன்' என்ற இணை கைகொடுக்கிறது.

ஃப்ரீ குளோரினுக்கு, அதாவது எதனோடும் பிணையாமல் கிருமிகளைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரினுக்கு வருகிறேன். 'இலவசக் குளோரின்' என்று தானியங்கி மொழிபெயர்ப்பில் வருவதை நாம் யாரும் ஏற்கப்போவதில்லை. கட்டற்ற, தனித்த, விடுபட்ட என்று மூன்று வந்தன. நான் *தனிக் குளோரின்*, *பிணைந்த குளோரின்*, *மொத்தக் குளோரின்* என்று வைத்துக்கொள்கிறேன். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது. வியர்வை, சிறுநீர் ஆகியவற்றிலுள்ள அம்மோனியா வகைகளோடு பிணைந்து குளோரமின் ஆனதுதான் பிணைந்தது. குளத்தருகே மூக்கைத் துளைக்கும் வாடையும் கண்ணெரிச்சலும் பெரும்பாலும் இதனால்தான். வாடை வந்தால் குளோரின் அதிகம் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பல சமயம் தேவைப்படுவது கூடுதல் தனிக் குளோரின். 'பிணைந்த' என்ற சொல் அந்த நிலையைக் காட்டிக்கொடுக்கும்.

குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் டிபிடி என்ற சோதனையில் குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பு தோன்றி உடனே மறைந்து, நீர் தெளிந்து, குளோரினே இல்லாதது போலத் தெரியும். பார்ப்பவர் இன்னும் கொட்டுவார். இதற்கு *வெளுப்புப் பிழை* என்று பெயர் வைத்திருக்கிறேன். மறுப்பு வராது என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு வினைச்சொல். கையேட்டில் எங்கும் 'ஆசிட், குளோரின் கலக்கவும்' என்ற தொனி வரக்கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிரைக் குடிக்கும். குளத்தில் போடுவதற்கு எப்போதும் 'சேர்' என்றும், எச்சரிக்கைக்கு மட்டும் 'கலக்காதே' என்றும் பிரித்து எழுதியிருக்கிறேன். மெய்ப்புப் பார்ப்பவர்கள் நடைக்காகக்கூட ஒன்றை மற்றதாக மாற்றிவிட வேண்டாம்.

தாளின் அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது:

"அமிலத் தாங்குதிறன் 80-க்குக் கீழே போனால் ஆப்பசோடா சேர்க்கவும். 10,000 லிட்டர் நீரில் 10 பிபிஎம் உயர்த்த ஏறத்தாழ 170 கிராம். சலவை சோடா வேண்டாம், அது பி.எச்.சையும் தூக்கிவிடும்."

இதை மைத்துனரிடம் காட்டினேன். படித்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் ஆப்பசோடா டப்பாவை எடுத்தார்.

சயனூரிக் அமிலத்தின் பணிப்பெயருக்கு 'நிலைப்படுத்தி' என்பதை விட்டுவிட்டு 'வெயில்காப்பு' என்று எழுதலாமா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. வெயில் தனிக் குளோரினைச் சிதைக்காமல் அது காக்கிறது, ஆனால் அளவு மிஞ்சினால் குளோரினின் வேகத்தையே மட்டுப்படுத்திவிடும். 'காப்பு' என்றால் எவ்வளவு போட்டாலும் நல்லது என்று தோன்றிவிடுமோ என்று தயங்குகிறேன். உங்கள் கருத்தை எழுதுங்கள்.