உதவி: ஃபைட்டருக்குக் கொடுத்த சுருள்வாள் திறன் சண்டையை இரண்டாவது ரவுண்டிலேயே முடித்துவிடுகிறது, எதைக் குறைப்பது?

தெம்பனிஸ்_டிஎம்

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். ஃபைட்டர், விசார்ட், கிளரிக், ரோக், எல்லாரும் லெவல் 5. ஞாயிறு மதியம் சமூக மன்றத்தில் மூன்று மணி நேரம்தான் ஆட முடியும். இரண்டு பேருக்கு என்எஸ் (தேசிய சேவை), இரவு புக்-இன் (முகாமுக்குத் திரும்புவது) இருக்கிறது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு சண்டை, மிஞ்சிப்போனால் இரண்டு. அடுத்த வாரம் எல்லாரும் லாங் ரெஸ்ட் (உயிரும் மந்திரமும் திரும்பும் நீண்ட ஓய்வு) முடித்த கணக்கில் தொடங்குவோம்.

ஃபைட்டருக்கு நான் எழுதிக் கொடுத்த திறன் இது:

சுருள்வாள் வீச்சு. போனஸ் ஆக்‌ஷன் (டர்னில் முக்கிய ஆக்‌ஷனோடு கூடுதலாகச் செய்வது). 10 அடிக்குள் இருக்கும் எதிரிகள் எல்லாரும் டிசி 15 கான் சேவ் (உடல்வலுவைச் சேர்த்து 20 முகப் பகடையில் 15 எடுக்கும் சோதனை) போட வேண்டும். தோற்றால் 3டி8 (மூன்று எட்டுமுகப் பகடை) சேதம், ஃபைட்டரின் அடுத்த டர்ன் முடியும்வரை ஸ்டன் (எதுவும் செய்ய முடியாத நிலை). ஜெயித்தால் பாதிச் சேதம் மட்டும். ஒரு ஷார்ட் ரெஸ்ட்டுக்கு (குறுகிய ஓய்வு) 2 தடவை.

மூன்று ஓகர் (பெரிய அரக்கன்) விட்டால் பாதி நேரம் அவை கதாயுதத்தைத் தூக்குவதே இல்லை. விசார்ட் ஆடுபவருக்கு முகம் வாடிவிட்டது. 3டி8-ஐ 2டி6 ஆக்கினால் சரியாகுமா?

பிடோக்_பகடை

ஆக்கலாம். 13.5 சராசரி 7 ஆகிவிடும், பாதிக்குப் பாதி. முதலில் அதைச் செய்து பாருங்கள்.

இருபதுமுகம்

பகடையைக் குறைத்தால் ஒன்றும் மாறாது ப்ரோ. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஓகர்: ஏசி (அடி படத் தாண்டவேண்டிய எண்) 11, எச்பி (உயிர்ப்புள்ளி) 59, கான் +3, டெக்ஸ் (சுறுசுறுப்பு) -1. டிசி 15-க்கு 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், ஆக 55% தோற்கும். ஒரு ஓகருக்குச் சராசரி 10.5 சேதம், மூன்றுக்கும் சேர்த்து 31 சொச்சம்.

இதை விசார்டின் ஃபயர்பால் மந்திரத்தோடு வைத்துப் பாருங்கள். 8டி6, சராசரி 28. டெக்ஸ் -1 என்பதால் 75% தோற்கும். ஓகருக்கு 24.5, மூன்றுக்கு 73.5. சேதத்தில் உங்கள் சுருள்வாள் அதில் பாதிகூட இல்லை. (ஆட்டம் நடத்துபவருக்கான வழிகாட்டி நூலின் அட்டவணைப்படி மூன்றாம் நிலை மந்திரம் பலரைத் தாக்கினால் 6டி6 போதும். ஃபயர்பால் அதையும் தாண்டியதுதான், அது தனிக் கதை.)

கோளாறு மூன்று இடத்தில் இருக்கிறது.

முதலாவது ஸ்டன். மூன்று ஓகரில் சராசரியாக 1.65 ஓகரின் டர்ன் போய்விடும். ஏசி 15 ஆள்மீது ஓகரின் ஒரு டர்ன் சராசரி 8.25 சேதம், அப்படியென்றால் ஒரே வீச்சில் 13-14 எச்பி மிச்சம். அதோடு விடுவதில்லை. ஸ்டன் ஆன எதிரிமீது எல்லாருக்கும் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது). ரோக்குக்கு 3டி6 ஸ்னீக் அட்டாக் (கூடுதல் சேதம்) தானாக வந்துவிடும். டெக்ஸ் சேவ் தானாகத் தோற்கும், அதனால் ஃபயர்பால் 24.5 இல்லை, முழு 28. இதையெல்லாம் பகடையில் எழுதவில்லை, அதனால்தான் கண்ணுக்குப் படுவதில்லை.

இரண்டாவது, போனஸ் ஆக்‌ஷன். விசார்ட் தன் ஆக்‌ஷனையும் அன்றைக்கு இருக்கும் இரண்டு மூன்றாம் நிலை ஸ்லாட்டில் (மந்திரம் போடும் வாய்ப்பு) ஒன்றையும் செலவழிக்கிறார். ஃபைட்டர் வீசிவிட்டு வழக்கமான இரண்டு அடியையும் அடிக்கிறார். அடிக்க +7, சேதம் 2டி6+4 உள்ள கிரேட்சோர்ட் (பெரிய வாள்) என்றால் ஓகர்மீது அதுவே 19.4. இரண்டையும் கூட்டினால் ஒரே டர்னில் 50.

மூன்றாவது, அளவுகோலே தப்பு. ஸ்டன்னுக்கு மாங்க் (தற்காப்புக் கலைத் துறவி) வகுப்பைப் பாருங்கள். லெவல் 5 மாங்க்கிடம் 5 கீ (திறனுக்குச் செலவிடும் புள்ளி). முதலில் அடி பட வேண்டும், பிறகு ஒரு கீ கொடுத்து ஒரே ஒருவரை கான் சேவ் போட வைக்கலாம். உங்கள் ஃபைட்டர் இரண்டு வீச்சில் ஆறு சேவ் வாங்குகிறார், அடி படவேண்டிய அவசியமே இல்லை. மாங்க்கிடம் ஆறு சேவுக்குக் கீயே கிடையாது.

தெம்பனிஸ்_டிஎம்

நன்றி. ஸ்டன்னை எடுத்துவிட்டால் ஃபைட்டர் ஆடுபவர் விடமாட்டார். வேறு வழி?

இன்னொன்று, ஸ்டன் ஆன ஆள்மீது 5 அடிக்குள் நின்று அடித்தால் கிரிட் (சேதப் பகடை இரட்டிப்பு) என்று வைத்திருக்கிறோம்.

இருபதுமுகம்

அது பாரலைஸ்டு (உடல் முடங்கிய) நிலைக்கு உள்ள விதி. ஸ்டன்னில் அட்வான்டேஜ் மட்டும்தான். அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

திறனை இப்படி மாற்றி எழுதலாம்:

சுருள்வாள் வீச்சு. ஆக்‌ஷன் (அட்டாக்குக்குப் பதிலாக). 5 அடிக்குள் இருக்கும் எல்லாரும், கூட்டாளிகள் உட்பட, டிசி 15 டெக்ஸ் சேவ். தோற்றால் 2டி8 சேதம், ஃபைட்டரின் அடுத்த டர்ன் தொடங்கும்வரை ரியாக்‌ஷன் (டர்னுக்கு வெளியே செய்யும் பதில் செயல்) கிடையாது. ஜெயித்தால் பாதிச் சேதம். தோற்றவர்களில் ஒருவரை ஃபைட்டர் தேர்ந்தெடுக்கலாம், அவருடைய வேகம் அதுவரை 0. ஒரு ஷார்ட் ரெஸ்ட்டுக்கு 1 தடவை.

இப்போது ஒரு ஓகருக்கு 7.9. இரண்டு பேர் நின்றால் 15.8, சும்மா வாளால் அடித்தாலே 19.4 கிடைக்கும். மூன்று பேர் என்றால் 23.6. ஆக, மூன்று பேர் சூழ்ந்தால்தான் வீசுவதில் லாபம், அப்படித்தான் இருக்கவேண்டும். 10 அடி என்றால் சுற்றிலும் 24 கட்டம், 5 அடி என்றால் 8 தான். கூட்டாளிக்கும் படும் என்பது சுருள்வாளின் குணத்துக்கும் பொருந்தும், பக்கத்தில் ஆள் நிற்கும்போது அதை யாரும் சுழற்ற மாட்டார்கள்.

கோப்பி_ஓ_கோசோங்

மாற்றிய பிறகு ஓகரோடு நிறுத்தாதீர்கள், ஒற்றை எதிரியிடமும் சோதித்துப் பாருங்கள். ட்ரோல்: கான் +5, டிசி 15-ல் 45% தோற்கும். பழைய வடிவத்தில் இரண்டு வீச்சில் ஒரு தடவையாவது ஸ்டன் ஆக ஏறக்குறைய 70% வாய்ப்பு. தனியாக நிற்கும் ட்ரோலுக்கு ஒரு டர்ன் போனால் எதிரிப் பக்கத்தின் மொத்த டர்னும் போன மாதிரி. மூன்று ஓகரில் ஒன்று முடங்குவதும் இதுவும் ஒன்றல்ல. பெரிய டிராகன்களுக்கு லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (தோற்ற சேவை ஜெயித்ததாக மாற்றும் திறன்) 3 தடவை கொடுத்திருப்பதும் இதற்காகத்தான்.

ஆனால் உண்மையான பிரச்சினை உங்கள் முதல் பத்தியில் இருக்கிறது. 2014 வழிகாட்டியில் ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினமான சண்டை, நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்ற கணக்கு. லெவல் 5 ஆளுக்கு ஒரு நாளுக்கு 3,500 எக்ஸ்பி (எதிரிகளின் பலத்தை அளக்கும் அனுபவப் புள்ளி), நான்கு பேருக்கு 14,000. மூன்று ஓகர் என்றால் 450 பெருக்கல் 3, எண்ணிக்கைக்காக இரண்டு மடங்கு, 2,700. நடுத்தரத்துக்கும் (2,000) கடினத்துக்கும் (3,000) நடுவே, ஒரு நாள் அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் எல்லாரும் கையில் இருப்பதை முழுக்கக் கொட்டினால் எந்தத் திறனும் அளவு மீறியதாகத்தான் தெரியும். நியாயமாகப் பார்த்தால் உங்கள் விசார்டுக்கும் இப்போது ஸ்லாட்டைச் சேமிக்க எந்தக் காரணமும் இல்லை.

புக்-இன்னை மாற்ற முடியாது. ஆட்டத்துக்குள் இருக்கும் நாளை நீட்டலாம். ஞாயிறு முடிந்தால் லாங் ரெஸ்ட் என்பதை விடுங்கள். மீதி ஸ்லாட், எச்பி, ஹிட் டைஸ் (ஷார்ட் ரெஸ்ட்டில் எச்பியை மீட்கும் பகடை) எல்லாவற்றையும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, மூன்று ஞாயிறைக் கதையில் ஒரே நாளாக ஓட்டுங்கள். இல்லையென்றால் வழிகாட்டியிலேயே இருக்கும் மாற்று விதி: ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். பயணக் கதைக்கு அது நன்றாகப் பொருந்தும், குகைக்குள் தொடர்ந்து சண்டை என்றால் கஷ்டம்.

2024 நூலின் எக்ஸ்பி அட்டவணையை இதோடு கலக்காதீர்கள். அதில் எண்ணிக்கைப் பெருக்கல் இல்லை, கணக்கு எங்கேயோ போய்விடும்.

பிடோக்_பகடை

அப்போ பகடை விஷயத்தை விடுங்க லா. மாற்றத்தை ஆட்டத்துக்கு முன்னாடியே ஃபைட்டர்கிட்ட சொல்லிடுங்க, சண்டை நடுவுல வேண்டாம். பழைய வடிவத்தை ஒரு ஹாப்காப்ளின் தலைவன் கையில கொடுத்து அவங்கமேல ஒரு தடவை வீசிக் காட்டினா அவரே ஒத்துக்குவார்.

தெம்பனிஸ்_டிஎம்

ஹாஹா, வேண்டாம், விசார்ட் முதல் ரவுண்டிலேயே விழுந்துவிடுவார். 5 அடி வடிவத்தை வைத்துக்கொள்கிறேன், ஷார்ட் ரெஸ்ட்டுக்கு ஒரு தடவை. மூன்று ஞாயிறு ஒரு நாள் என்பதைக் குழுவில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். ஒருத்தர் புக்-இன் காரணமாக வராத வாரம் என்ன செய்வது? அவருடைய ஸ்லாட் கணக்கு?

கோப்பி_ஓ_கோசோங்

வராதவரின் தாளை அப்படியே நிறுத்தி வையுங்கள், அந்த வாரம் அவருக்குச் செலவும் இல்லை வரவும் இல்லை. மூன்று பேருக்குக் கடினம் 2,250, நடுத்தரம் 1,500. இரண்டு ஓகர் விடுங்கள்: 900, ஒன்றரை மடங்கு, 1,350. நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழே. இரண்டே எதிரி என்பதால் ஃபைட்டர் அன்று சுருள்வாளைத் தொடமாட்டார், வாளாலேயே அடிப்பார்.